புதுக் காரில் கோளாறு தெரிந்தால்: எது வாரண்டியில் வரும், எது வராது

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் நிறையக் குடும்பங்கள் முதல் தடவையாக ஒரு வாரண்டிப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கின்றன. வாங்கிய அன்றே அது டேஷ்போர்ட் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஏதாவது ஒரு லைட் எரியும்போதுதான் அதைத் தேடுகிறோம்.

வாரண்டி, காரைத் தயாரித்தபோதே இருந்த குறைக்கு மட்டும்தான் பொறுப்பேற்கும். பாவித்துத் தேய்ந்தது உங்கள் செலவு. வெள்ளம், கல், விபத்து, எலி எல்லாம் காப்புறுதிக்காரரிடம் போக வேண்டியவை. சிக்கல் என்னவென்றால், ஒரே அறிகுறி இந்த மூன்றில் எதனாலும் வரலாம். ஏசி குளிராமல் போக இணைப்பில் இருந்த குறையும் காரணமாகலாம், வீதியில் தெறித்த கல்லும் காரணமாகலாம். கவுண்டரில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் காரணம் எது என்பதைப் பற்றியதுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன செய்யலாம் என்பதோடு, காரணத்தைக் காட்டும் சாட்சி அழிந்துபோகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது: இது யாருடைய வாரண்டி?

"பிராண்ட் நியூ, வாரண்டி இருக்கு" என்று சொல்லி விற்கப்படும் கார்கள் எல்லாம் ஒன்றல்ல. உள்ளூர் ஏஜென்டிடம் வாங்கினால், உற்பத்தியாளர் இலங்கைக்கென்று கொடுக்கும் வாரண்டி கிடைக்கும். 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது, என்பது பரவலாகக் காணும் வகை. கார் சேல் ஒன்றின் வழியாக ஜப்பானிலிருந்து நேரே வந்த காராக இருந்தால் கதை வேறு. ஜப்பான் உற்பத்தியாளர்கள் தங்கள் நாட்டில் கொடுக்கும் வாரண்டி பொதுவாக இரண்டு அடுக்கு: பொதுவான பாகங்களுக்கு 3 வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சின், கியர்பொக்ஸ் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். அந்தப் புத்தகம் காரோடு வந்திருக்கும், முத்திரையும் இருக்கும். ஆனால் அது ஜப்பானுக்குள் ஓடும் காருக்கு மட்டுமே செல்லும். அதை எடுத்துக்கொண்டு இங்கே உள்ள ஏஜென்டிடம் போய் உரிமை கேட்க முடியாது.

அப்படிப்பட்ட காருக்கு விற்பனையாளரே ஒரு வாரண்டித் தாள் கொடுப்பார். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், அதுவும் ஒப்பந்தம்தான். ஆனால் வரி வரியாக வாசியுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் மட்டுமா? ஹைபிரிட் பெட்டரி சேர்ந்ததா? கூலி யார் தலையில்? எந்தக் கராஜில் திருத்த வேண்டும்? "கம்பனி வாரண்டி" என்று வாயால் சொன்னது தாளில் இல்லாவிட்டால், காசு கட்டுவதற்கு முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு விடயம். காரைப் பிக்மீயிலோ ஊபரிலோ ஓட்டும் எண்ணம் இருந்தால், வாடகைப் பாவனை பற்றிய பந்தியைத் தேடிப் பாருங்கள். பல வாரண்டிகள் அந்தப் பாவனைக்குக் காலத்தைக் குறைக்கின்றன, சில முழுக்கவே விலக்குகின்றன.

எஞ்சின் லைட் எரிகிறது

முதலில் லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். விடாமல் எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால், அவசரமில்லாமல் ஏஜென்டிடம் கொண்டுபோகலாம். விட்டு விட்டு மின்னினால் எஞ்சினில் தீப்பொறி தவறுகிறது என்று அர்த்தம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் அதையும் எரித்துவிடும். ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று தொடர்ந்து ஓட்டினால், தீப்பொறிக் கோளாறு வாரண்டியில் வந்தாலும், கன்வேர்ட்டர் "எச்சரிக்கைக்குப் பிறகும் ஓட்டியதால் கெட்டது" என்று நிராகரிக்கப்படலாம். அந்த நிராகரிப்பில் நியாயமும் இருக்கிறது.

நிலையாக எரிந்தால் பெற்றோல் மூடியைக் கழற்றி, "கிளிக்" என்று கேட்கும்வரை இறுக்குங்கள். மூடி தளர்ந்ததால் வந்த லைட் என்றால் சில ஓட்டங்களுக்குப் பிறகு தானாகவே அணைந்துவிடும்.

அப்புறம் மிக முக்கியமானது: வீட்டுக்குப் பக்கத்துக் கராஜில் ஸ்கேனர் போட்டு லைட்டை அழித்துவிடாதீர்கள். லைட் எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, என்ன வெப்பம், என்ன வேகம் என்பதையெல்லாம் காரின் கணினி, கோளாறைக் குறிக்கும் எண்ணான கோட்டோடு (code) சேர்த்துச் சேமித்து வைக்கும். கோட்டை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்தே போய்விடும். ஏஜென்டிடம் போகும்போது லைட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. கோட்டை வாசிக்க மட்டும் செய்து, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இந்த லைட்டில் அடிக்கடி கேட்கும் பதில் "பெற்றோல் சரியில்லை" என்பது. எரிபொருளில் தண்ணீரோ அழுக்கோ இருந்தால் வாரண்டி பொறுப்பேற்காது என்பது உண்மைதான். ஆனால் அது ஊகமாக இருக்கக் கூடாது. என் மைத்துனரின் காருக்கு இப்படி ஒரு பதில் வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். "அண்ணா, இது பெற்றோல் பிரச்சினை, வாரண்டியில வராது" என்றார் கவுண்டரில் இருந்த பையன். மைத்துனர் சத்தம் போடவில்லை. "சரி தம்பி. என்ன கோட் வந்தது, டாங்கியிலிருந்து எடுத்த பெற்றோலில் என்ன கண்டீங்க, ரெண்டையும் ஜொப் கார்டில எழுதித் தாங்க" என்றார். ஜொப் கார்ட் என்பது காரின் குறையையும் செய்த வேலையையும் கராஜில் எழுதும் தாள். எழுதுவதற்கு ஒரு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? எடுத்தார்கள். பெற்றோல் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒக்சிஜன் சென்சரை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்ட தொனி முக்கியம், எழுதித் தரச் சொன்னது அதைவிட முக்கியம்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: புத்தகம் 95 ஒக்டேன் கேட்டால் 95 அடியுங்கள், ஷெட்டில் தரும் பில்லைச் சில மாதங்களுக்காவது வைத்திருங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

சாதாரண 12 வோல்ட் பெட்டரிக்குக் காரின் முழு வாரண்டிக் காலம் பொருந்துவது அரிது. அதற்குத் தனியாக, குறுகிய காலம் எழுதியிருக்கும். இரவு முழுக்க நின்ற நல்ல பெட்டரியில் மீட்டர் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது.

கொழும்பில் இதற்குப் பொதுவான காரணம் பெட்டரியே அல்ல. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் பெட்டரி நிரம்ப நேரமில்லை. அதோடு நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டேஷ்கேம், வெளியே பூட்டிய அலாரம், ஜிபிஎஸ். இவற்றுக்காகக் காரின் வயரை வெட்டி இணைத்திருந்தால், அந்த மின்சுற்றில் வரும் எந்தக் கோளாறையும் ஏஜென்ட் கேள்வி கேட்பார். வயரை வெட்டாமல், பியூஸ் பெட்டியிலிருந்து தனிப் பியூஸோடு எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஏஜென்டிடமே பூட்டுங்கள்.

ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லி எழுத்து வருகிறது

பயம் வருவது இயல்பு, ஏனென்றால் இதுதான் காரிலேயே விலை கூடிய பாகம். ஆனால் 12 வோல்ட் பெட்டரி பலவீனமானாலே ஹைபிரிட் காரின் திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். முதலில் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பின்சீட்டின் பக்கம். பல ஹைபிரிட் கார்களில் பெரிய பெட்டரியைக் குளிரவைக்கும் காற்று, பின்சீட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ உள்ள ஒரு சிறிய கம்பித் துவாரத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. குனிந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பிள்ளையின் துவாயும் புத்தகப் பையும் துவாரத்தை அடைத்துக் கிடக்கும், உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசு படிந்திருக்கும். பெட்டரி சூடேறி ஆயுள் குறைவதற்கு அதுவே போதும். அந்த அடைப்பைக் காட்டி "பராமரிப்புக் குறை" என்று சொல்லவும் வாய்ப்புக் கொடுக்கிறோம். ஒவ்வொரு சேவிஸிலும் அந்தப் பில்டரைச் சுத்தம் செய்ததாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஹைபிரிட் பெட்டரிக்குப் பல உற்பத்தியாளர்கள் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் எனத் தனி வாரண்டி கொடுக்கிறார்கள். சில கம்பனிகள் வருடாந்தப் பெட்டரிப் பரிசோதனையை அதற்கு நிபந்தனையாக வைக்கின்றன. கோட் பி0ஏ80 என்று வந்தால் பெட்டரியே சோர்ந்துவிட்டது என்று கணினி சொல்கிறது. பி0ஏ93 என்றால், பெட்டரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரைக் குளிரவைக்கும் பகுதியில் சிக்கல், பெட்டரியில் அல்ல. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோட்டைக் கேட்டு எழுதி வைக்காமல் "பெட்டரி மாத்தணும்" என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

முழு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு: தூரம் கொஞ்சம் குறைவது கோளாறாகக் கணக்கில் வராது. கொள்ளளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால்தான் வாரண்டி பேசும். பல கம்பனிகளில் அந்த வரம்பு 70 சதவீதம். நிசான் லீஃபில், கொள்ளளவைத் திரையில் காட்டும் 12 கட்டங்கள் 9க்குக் குறைந்தால் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் புத்தகத்தில் அந்த எண் எது என்று இன்றே பாருங்கள்.

ஏசி குளிரவில்லை

கெபின் பில்டரை முதலில் பாருங்கள். பெரும்பாலும் டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அது அடைத்திருந்தால் அது உங்கள் செலவு, சிறிய செலவு.

பில்டர் சுத்தமாக இருந்தும் குளிரவில்லை என்றால் காஸ் குறைந்திருக்கலாம். புதுக் காரின் ஏசி மூடிய அமைப்பு. காஸ் தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. இணைப்பில் கசிவு என்றால் தயாரிப்புக் குறை, காஸைக் குளிரவைக்க முன்னால் உள்ள கொண்டென்சரில் கல் பட்ட ஓட்டை என்றால் காப்புறுதி. வீதியோரக் கடையில் காஸ் அடித்துக்கொண்டு வந்தால் இரண்டு கிழமை குளிரும், பிறகு திரும்பவும் நிற்கும். அதற்குள் முதலில் கைவைத்தவர் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இது இன்னும் பெரிய விடயம். அவற்றின் கம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய் வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் ஏசி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டு, காரே ஓடாமல் நிற்கக்கூடும். வாரண்டி இருக்கும்வரை இந்தக் கார்களின் ஏசியை வெளியே காட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிரேக், டயர், வைப்பர்

பிரேக் பேட், கிளச் பிளேட், வைப்பர் றப்பர், பல்ப் எல்லாம் தேயும் பொருட்கள், பொதுவாக வாரண்டியில் வராது. இரவு மழைக்குப் பிறகு காலையில் முதல் சில தடவை பிரேக் கீச்சிட்டால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, தானாகப் போய்விடும். பேட் இன்னும் தடிப்பாக இருக்கும்போதே பெடல் காலில் அதிர்ந்தால் டிஸ்க்கை அளக்கச் சொல்லுங்கள், அதைப் பற்றி வாதாடலாம். டயருக்கு டயர்க் கம்பனியின் வாரண்டிதான்.

கியர் உதறுகிறது

கொழும்பு - காலி வீதி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ்கள் சூடேறி உதறுவது வடிவமைப்பின் தன்மையாகவே இருக்கலாம். ஆனால் "எல்லாக் காரும் அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கியர்பொக்ஸ் கணினிக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஹொண்டா 2014இல் ஜப்பானில் ஃபிட் ஹைபிரிட், வெசெல் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு இந்த வகைக் கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளும் காரணம். ஓட்டுநர்கள் சொன்ன உதறல் கற்பனை இல்லை.

படிகள் இல்லாமல் மாறும் சிவிடி கியர்பொக்ஸ் என்றால் அதற்குச் சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். எண்ணெய் வகை பில்லில் இருக்கட்டும்.

மழை வெள்ளத்தில் நின்ற பிறகு

2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் எத்தனை கார்கள் கூரைவரை மூழ்கின என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளத்துக்கு வாரண்டி இல்லை. காப்புறுதிதான், அதிலும் இயற்கை அனர்த்தங்களுக்கான பகுதி சேர்க்கப்பட்டிருந்தால். இன்றே பொலிசியை எடுத்துப் பாருங்கள்.

தண்ணீரில் நின்ற காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொன்ராட் வளைந்துவிடும். தள்ளி ஏற்றி, நின்ற நீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்து, காப்புறுதிக்காரருக்கு அழையுங்கள்.

சத்தம் வருகிறது, கராஜில் மட்டும் வருவதில்லை

மனிதரை மிகவும் சோர்வடையச் செய்வது இதுதான். தீர்வு ஜொப் கார்டில் இருக்கிறது. "முன்பக்கம் சத்தம், பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தால், பார்த்தோம், இல்லை என்று திரும்பி வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "8,420 கிலோமீற்றர். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது, ஸ்பீட் பம்ப்பில் 15 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும்போது, இடது முன் சக்கரத்தில் இரண்டு தட்டல். சூடேறிய பிறகு இல்லை." இதை வாசிக்கும் தொழில்நுட்பவியலாளருக்கு சஸ்பென்ஷனில் எந்த றப்பர் புஷ்ஷைப் பார்ப்பது என்று பாதி தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில்தான் வரும் என்றால் காரை முதல் நாள் மாலையே விட்டுவிடுங்கள், காலையில் அவரோடு ஒரு சுற்று ஓடுங்கள். போனில் வீடியோ எடுக்கும்போது ஸ்பீடோமீற்றரும் தெரியட்டும்.

அப்படியும் கண்டுபிடிக்காவிட்டால் "பரிசோதித்தோம், குறை தென்படவில்லை" என்று கிலோமீற்றரோடும் திகதியோடும் எழுதி வாங்குங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே சத்தம் பெரிதானால், குறை வாரண்டிக் காலத்திலேயே இருந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான்.

பெயின்ட் மங்குகிறது, துரு தெரிகிறது

கடற்கரையை ஒட்டி, கல்கிசை வரை வசிப்பவர்களுக்கு இது வேகமாக வரும். துருவுக்கான வாரண்டி பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டையாவதற்கு மட்டும். மேற்பரப்புத் துருவும், காக எச்சம் அரித்த பெயின்டும் அதில் சேராது. ஒரே கதவில் மட்டும் பெயின்ட் உரிந்தால் அது வேறு, கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் ரீகோல் இருக்கிறதா?

ரீகோல் வாரண்டியைச் சேர்ந்தது அல்ல. பாதுகாப்புக் குறைக்காக உற்பத்தியாளர் காரைத் திரும்ப அழைப்பது. வாரண்டி முடிந்த காருக்கும் பொருந்தும். டக்காட்டா ஏர்பேக் விவகாரம் இதில் உலகிலேயே பெரியது. உள்ளே இருந்த அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் காலப்போக்கில் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதற அடித்தது. வெப்பமும் ஈரப்பதமும் கொழும்பில் வருடம் முழுக்க இருக்கின்றன. பழைய ரீகண்டிஷன் கார் வீட்டில் இன்னொன்று இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். செசி நம்பரை உற்பத்தியாளரின் இணையதளத்தில் போட்டால் தெரியும். நேரே இறக்கிய காருக்கு ஜப்பான் தளத்தில் போட வேண்டும்.

"வாரண்டி செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள்

பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் சேவிஸ் தவறியது. கொழும்பு ஓட்டம், அதாவது நெரிசல், குறுகிய தூரம், வெப்பம், பல புத்தகங்களில் "கடுமையான பாவனை"யில் அடங்கும். அதற்குச் சேவிஸ் இடைவெளி குறைவு. கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் மாதக் கணக்கு ஓடுகிறது. வெளியே சேவிஸ் செய்ய உங்கள் புத்தகம் அனுமதித்தால், எண்ணெய் வகை, பில்டர் இலக்கம், கிலோமீற்றர் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்.

நிராகரிப்பை வாயால் ஏற்க வேண்டாம். வாரண்டிப் புத்தகத்தின் எந்தப் பந்தியின்படி, எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு சேவிஸ் தவறியதற்கும் ஜன்னல் மோட்டர் கெட்டதற்கும் சம்பந்தமில்லை என்பதை அமைதியாகச் சுட்டிக்காட்டலாம். கவுண்டரில் முடியாவிட்டால் கிளை முகாமையாளர், பிறகு உற்பத்தியாளரின் பிராந்திய அலுவலகம்.

அதற்கும் மேலே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த வாரண்டிக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அந்தச் சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1977க்கு அழைத்து வழிகேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், தாமதிக்கவும் கூடாது. கடிதத்தோடு விற்பனைப் பில், வாரண்டிப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கம், எல்லா ஜொப் கார்டுகள், கோட் தெரியும் படம், எழுத்தில் வந்த நிராகரிப்பு ஆகியவற்றின் பிரதிகளை வையுங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிடாதீர்கள். நேரில் ஒப்படைத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.